வாத்துக் காமிக்ஸும் சென்னை உப்புக்காற்றும்

வாசகர் கேள்வி – பதில்

வாத்து, எலி, காக்கை, குரங்கு என்று பேசும் பிராணிகள் உலவும் பழைய சிரிப்புக் காமிக்ஸ் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம். 'என்னிடம் இருப்பதன் விலை என்ன' என்று மட்டும் கேட்ட கடிதங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில்தான். அது எல்லோருக்கும் இனிக்காது.

கேள்வி: பாரதி சாலை நடைபாதைக் கடையில் மேலட்டை இல்லாத ஆங்கில டொனால்ட் டக் காமிக்ஸ் ஒன்று கிடைத்தது. உள்பக்கங்கள் முழுசாக இருக்கின்றன. எந்த வருடத்து இதழ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– கல்லூரி மாணவர், திருவல்லிக்கேணி

பதில்: முதல் கதையின் முதல் பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். டெல் நிறுவனம் வெளியிட்ட இதழ்கள் பலவற்றில் அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும்: தலைப்பின் சுருக்கம், இதழ் எண், கடைசியில் ஆண்டும் மாதமும் ஒட்டிய எண். 523 என்று முடிந்தால் 1952 மார்ச். 4712 என்றால் 1947 டிசம்பர். நடுவில் 'ஓ.எஸ்.' என்று இருந்தால் அது 'ஃபோர் கலர்' என்ற பெரிய வரிசையில் வந்த தனி இதழ்.

குறியீடு தேய்ந்துபோயிருந்தால் கதையில் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். டொனால்டின் பணக்கார மாமா அங்கிள் ஸ்க்ரூஜ் தலைகாட்டினால் இதழ் 1947 டிசம்பருக்கு முந்தியதாக இருக்க முடியாது. அதிர்ஷ்டக்கார கிளாட்ஸ்டோன் கேண்டர் 1948, திருட்டுக் கும்பல் பீகிள் பாய்ஸ் 1951, கண்டுபிடிப்பாளர் கைரோ 1952, போட்டிப் பணக்காரர் குளோம்கோல்ட் 1956, சூனியக்காரி மாஜிகா 1961. விமானி லாஞ்ச்பேட் இருந்தால் 1987க்குப் பிந்தியது. அவர் டக் டேல்ஸ் தொலைக்காட்சித் தொடருக்காகப் பிறந்தவர். ஆனால் இது 'இதற்கு முன் இல்லை' என்பதை மட்டும்தான் சொல்லும். 1952இல் வந்த கதையை 1970இல் மறுபதிப்புச் செய்திருந்தால் இந்தக் கணக்கில் அது தெரியாது.

அதற்கு விளம்பரங்களைப் பாருங்கள். அமெரிக்க முகவரிகளில் ஐந்து இலக்க ஜிப் கோடு 1963 ஜூலையில்தான் வந்தது. விளம்பர முகவரியில் ஜிப் கோடு இருந்தால், கதை எவ்வளவு பழசாக இருந்தாலும் உங்கள் கையில் இருக்கும் தாள் 1963க்குப் பிந்தியது. மறுபதிப்பைப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கடைசியாக, டிஸ்னி காமிக்ஸுக்கென்றே ரசிகர்கள் தொகுத்த 'இன்டக்ஸ்' தரவுத்தளத்தில் தேடுங்கள். தலைப்பை வைத்துத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனென்றால் பழைய பத்துப் பக்கக் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு அச்சில் தலைப்பே கிடையாது. இன்று புழங்கும் பெயர்கள் பிறகு வைத்தவை. பக்க எண்ணிக்கை, நாயகன், உடன் வரும் பாத்திரங்கள் என்று வடிகட்டித் தேடுங்கள். ஒவ்வொரு கதைக்கும் தனிக் குறியீடும், அது எந்தெந்த நாட்டில் எப்போதெல்லாம் மறுபடி வந்தது என்ற பட்டியலும் அங்கே இருக்கிறது.

கேள்வி: அங்கிள் ஸ்க்ரூஜ் வரிசையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். 4ஆம் எண்ணிலிருந்து இருக்கிறது. 1, 2, 3 எந்த விற்பனையாளரிடமும் இல்லை. அவ்வளவு அபூர்வமா?
– வங்கி ஊழியர், தி. நகர்

பதில்: அந்த எண்களைப் போட்டு இதழ்களே வரவில்லை. முதல் மூன்றும் 'ஃபோர் கலர்' வரிசையில் 386, 456, 495 என்ற எண்களில் வந்தன. மூன்றும் நன்றாக விற்றதால் ஸ்க்ரூஜுக்குத் தனி வரிசை கொடுத்து, எண்ணை 4 என்று தொடங்கினார்கள். டொனால்ட் டக்கும் அப்படித்தான்: 1952 கடைசியில் தனி வரிசை ஆனபோது முதல் எண் 26. இந்தப் பழக்கம் தெரியாமல் 'டொனால்ட் டக் நம்பர் ஒன்' என்று தேடி அலைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விற்பனையாளரிடம் ஃபோர் கலர் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: பழைய வாத்துக் கதைகளில் எல்லாப் பக்கத்திலும் வால்ட் டிஸ்னி என்றுதான் இருக்கிறது. உண்மையில் வரைந்தவர் யார்? ஒருவரா, பலரா?
– ஓவிய ஆசிரியை, மயிலாப்பூர்

பதில்: பலர். டிஸ்னி அவற்றில் ஒரு கோடுகூட இழுக்கவில்லை. காமிக்ஸை உருவாக்கியது வெஸ்டர்ன் நிறுவனம். 1962 வரை டெல் பெயரிலும், பிறகு கோல்ட் கீ பெயரிலும் அது விற்பனைக்குப் போனது. ஓவியர் பெயர் அச்சிடும் வழக்கம் இல்லை.

நீங்கள் தேடும் பெயர் பெரும்பாலும் கார்ல் பார்க்ஸ். 1901இல் பிறந்து 2000இல் மறைந்தவர். டிஸ்னியின் அனிமேஷன் ஸ்டூடியோவில் வேலை பார்த்துவிட்டு 1942இல் வெளியேறினார். 1943 ஏப்ரல் தேதியிட்ட 'வால்ட் டிஸ்னிஸ் காமிக்ஸ் அண்ட் ஸ்டோரீஸ்' 31ஆம் இதழில் காய்கறித் தோட்டம் போடும் டொனால்டின் பத்துப் பக்கக் கதை தொடங்கி, 1966இல் ஓய்வு பெறும்வரை எழுதியும் வரைந்தும் குவித்தார். டக்பர்க் ஊர், ஸ்க்ரூஜ், அவருடைய மூன்று கன ஏக்கர் காசுக் கிடங்கு எல்லாம் அவர் உருவாக்கியவை. வாசகர்களுக்கு அவர் பெயர் தெரியாது. 'நல்ல வாத்து ஓவியர்' என்றே சொல்லிக்கொண்டார்கள். 1960இல் ஒரு ரசிகரின் கடிதம் அவர் கைக்குப் போன பிறகுதான் ரசிகர்களுக்குப் பெயர் தெரிந்தது.

அடையாளம் காண மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, அலகு: பார்க்ஸ் வரையும் வாத்தின் அலகு வாயைப் போலவே வளைந்து, கோபமும் அசடும் வழியும். இரண்டு, பின்னணி: ஆண்டீஸ் மலையோ பாலைவனமோ, நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ்ப் படங்களைப் பார்த்து வரைந்ததால் கல்லும் கட்டடமும் நம்பும்படி இருக்கும். மூன்று, கோட்டின் தடிமன்: ஒரே கோடு மெலிந்து தடித்து ஓடும். அதே காலத்தில் நிறைய வரைந்த டோனி ஸ்ட்ரோபிலின் கோடு சீரானது, பின்னணி சிக்கனமானது, வாத்துகள் கொஞ்சம் ஒல்லி. நீங்கள் ஓவிய ஆசிரியை. பத்துக் கதை பார்த்தால் போதும், கண் பழகிவிடும். மிக்கி மவுஸ் துப்பறியும் தொடர்கள் என்றால் பெரும்பாலும் பால் மரி. தினசரிப் பத்திரிகையில் வந்த மிக்கி படக்கதைப் பட்டை என்றால் 1930 முதல் 1975 வரை ஃபிளாய்ட் காட்ஃபிரெட்சன்.

டிஸ்னிக்கு வெளியே ஒரு பெயர் சொல்லவேண்டுமானால் வால்ட் கெல்லி. அவருடைய போகோ என்ற ஒப்போஸம் (மரமேறும் அமெரிக்கப் பிராணி) முதலில் 'அனிமல் காமிக்ஸ்' இதழில் வந்து, பிறகு செய்தித்தாளுக்குப் போய் அரசியல் பேசியது. ஓவியமாகப் பார்த்தால் தூரிகைக் கோட்டில் அவரே முதல்வர் என்பது எங்கள் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

கேள்வி: கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. காமிக்ஸ் பின்கள் துருப்பிடித்து, நடுப்பக்கம் கழன்று விழுகிறது. கவர் போட்டு வைத்தும் இதே கதி. என்ன செய்வது?
– ஓய்வுபெற்ற பொறியாளர், பெசன்ட் நகர்

பதில்: இந்த மாதம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான், திருவொற்றியூரிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும்கூட இதே புலம்பல். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் சாதாரண இரும்புப் பின் தாங்காது. துரு பின்னோடு நிற்பதில்லை. சுற்றியுள்ள தாளை அரித்து ஓட்டையாக்குகிறது. நடுப்பக்கம் விழுவது பின் உடைவதால் அல்ல, பின்னைச் சுற்றிய தாள் பொடிவதால்.

முதலில் பழைய பின்னை எடுக்கவேண்டும். இதழை நடுப்பக்கத்தில் திறந்து மேசையில் வையுங்கள். பின்னின் இரண்டு கால்களுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய ஓஎச்பி (ப்ரொஜெக்டர் ஷீட்) பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள்; கருவி வழுக்கினாலும் தாள் தப்பிக்கும். முனை மழுங்கிய மெல்லிய தகட்டால் கால்களை மெதுவாக நிமிர்த்தி, முதுகுப் பக்கத்திலிருந்து பின்னை நேராக இழுங்கள். கால் உடைந்தால் உடையட்டும், துண்டு துண்டாக எடுங்கள். முறுக்கி இழுத்தால் அட்டை கிழியும். துருப் பொடியை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். எலுமிச்சம்பழம், துரு நீக்கும் எண்ணெய் எதுவும் கிட்டே வரக்கூடாது. கறை போகாது; பரவும்.

பிறகு அதே ஓட்டைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலால் தைத்து, முடிச்சை உள்பக்கம் போடுங்கள். இழுத்து இறுக்கினால் நூலே தாளை அறுக்கும். பக்கம் ஆடாத அளவுக்கு இருந்தால் போதும். எவர்சில்வர் பின் கிடைத்தால் அதையும் கையால் வளைத்துப் போடலாம். கடையில் விற்கும் ஸ்டேப்ளர் பின் இரண்டு மழைக்காலத்தில் மறுபடி துருப்பிடிக்கும், மெஷினால் அடித்தால் புது ஓட்டையும் விழும். பின் மாற்றிய இதழை விற்கும்போது அதைச் சொல்லிவிட வேண்டும். எடுத்த பின்களைச் சிறு கவரில் போட்டு, தேதி எழுதி, கூடவே வைப்பது சேகரிப்பாளர் வழக்கம்.

கவர் போட்டும் பயன் இல்லை என்கிறீர்களே, காரணம் இரண்டில் ஒன்று. ஈரத்தோடு கவரில் போட்டால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். கவரில் போடும் முன் இதழ்களை ஏசி ஓடும் அறையில் இரண்டு மூன்று நாள் பிரித்து வையுங்கள். அல்லது, கவர் பிவிசியாக இருக்கலாம். தொட்டால் மெத்தென்று ஒட்டி, புது ரெயின்கோட் வாசம் அடித்தால் பிவிசி. அது வெளிவிடும் அமிலம் தாளைக் கெடுக்கும், மையையும் பிடித்துக்கொள்ளும். கசக்கினால் சரசரக்கும் பாலிப்ராப்பிலீன்தான் வேண்டும். துணிக்கடைப் பேக்கிங்குக்கு விற்கும் பிஓபிபி கவர் அதே ரகம்; பாரிமுனைப் பக்கம் அங்குலக் கணக்கில் கிடைக்கிறது. 1940களின் அகல இதழுக்கு 7¾ × 10½ அங்குலம், 50களின் பிற்பாதியிலிருந்து வந்தவற்றுக்கு 7¼ × 10½ பொருந்தும். தமிழ் இதழ்கள் அளவுக்கு அளவு மாறுவதால் இதழை அளந்து, அகலத்தில் கால் அங்குலம் கூட்டி வாங்குங்கள்.

பின்னால் வைக்கும் அட்டை அமிலமற்றதாக இருக்கவேண்டும். ஆண்டர்சன் தெருவில் கேட்டால் முதலில் சாம்பல் நிற அட்டையைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்; அது பழைய காகிதத்தை அரைத்துச் செய்தது, சில வருடத்தில் இதழின் பின்பக்கத்தில் பழுப்பு நிழல் விழும். அமிலம் இருக்கிறதா என்று காட்டும் பிஎச் பேனாவால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்: ஊதாவாக நின்றால் சரி, மஞ்சளானால் வேண்டாம். கவரின் மடிப்பை டேப்பால் ஒட்டாதீர்கள். இதழை உருவும்போது அந்த டேப்பில் மேலட்டை மாட்டிக் கிழிவது இந்தப் பொழுதுபோக்கின் மிகப் பழைய விபத்து. மடிப்பை அட்டைக்குப் பின்னால் செருகினால் போதும்.

கேள்வி: பீரோவில் பாச்சா உருண்டை போட்டால் போதாதா?
– குடும்பத்தலைவி, கொளத்தூர்

பதில்: பூச்சி வராது. நீங்களும் காமிக்ஸைத் திறக்க மாட்டீர்கள், அந்த வாசனையில்! உருண்டை பிளாஸ்டிக் கவரில் பட்டால் கவர் நெகிழ்ந்து ஒட்டும். அதற்குப் பதில் பீரோவைக் கவனியுங்கள்: வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்த்தி. உள்ளே சில நூறு ரூபாய் ஈரப்பதமானி ஒன்று. 45 முதல் 55 சதவீதம் நல்லது. 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்கு அழைப்பு. மூடி இறுகிய 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி என்றால் 200 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். சமையல் நடக்காத ஓவனாக இருக்கட்டும். அளவுக்கு மீறிக் காயவைக்கவும் வேண்டாம். 35க்குக் கீழே போனால் சாணித்தாள் அப்பளமாக நொறுங்கும்.

இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறை பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது தினம் ஒரு தடவை தாளை உலர்த்தி, தினம் ஒரு தடவை ஈரமாக்குகிறது. ஏசியே இல்லாத, ஆனால் சீராக இருக்கும் நடு அறை அதைவிட மேல்.

கேள்வி: ராமபாணப் பூச்சி அட்டையின் பளபளப்பைச் சுரண்டித் தின்றிருக்கிறது. மருந்து அடிக்கலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: தாளில் மருந்து அடிக்காதீர்கள். இதழைப் பிளாஸ்டிக் கவரில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் ஒரு நாள் முழுக்கக் கவரைப் பிரிக்காதீர்கள்; உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் சென்னைக் காற்று நீராக இறங்கும். நடைபாதையில் வாங்கும் எந்த இதழையும் இப்படி ஒரு சுற்று அனுப்பிவிட்டு மற்றவற்றோடு சேர்ப்பது நல்லது.

கேள்வி: 1984இல் தொடங்கிய பூந்தளிர் இதழ்கள் அப்பா சேர்த்து வைத்தவை நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. கபீஷும் காக்கை காளியும் இருப்பதால் பிரிக்க மனமில்லை. பைண்டு செய்துவிடலாமா?
– ஐடி ஊழியர், மடிப்பாக்கம்

பதில்: வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு பைகோ நிறுவனம் வெளியிட்ட பூந்தளிர், தமிழில் பிராணிச் சித்திரக்கதைக்குக் கிடைத்த நல்ல வீடுகளில் ஒன்று. அனந்த் பை உருவாக்கி மோகன்தாஸ் வரைந்த, வாலை வேண்டிய மட்டும் நீட்டும் குரங்கு கபீஷை அதில் படித்தவர்கள் இன்றும் நடைபாதைக் கடைகளில் குனிந்து தேடுகிறார்கள். ஆகவே பைண்டரிடம் கொடுக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

வழக்கமான பைண்டிங்கில் மூன்று கேடு நடக்கும். மூன்று ஓரத்தையும் மெஷினில் வெட்டி நேராக்குவார்கள். ஓரம் வரை வரைந்த படமும் பக்க எண்ணும் போய்விடும். முதுகிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பக்கவாட்டில் ஓட்டை போட்டுத் தைப்பார்கள். உள் ஓரத்து வசனக் கூண்டுகள் தையலுக்குள் மறைந்து, விரித்துப் படிக்க முயன்றால் தாள் முறியும். பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அந்தச் செம்பு உப்பு, தாளின் சிதைவை வேகப்படுத்தும். இதற்கு மேல் விளம்பரம் என்று சொல்லி மேலட்டைகளைக் கிழித்துப் போடுபவர்களும் உண்டு.

பைண்டிங்தான் வேண்டும் என்றால் இப்படிச் சொல்லுங்கள்: 'செக்‌ஷன் பைண்டிங், கட்டிங் கிடையாது, இரண்டு அட்டையும் உள்ளேயே இருக்கணும், பசையில் மயில்துத்தம் வேண்டாம்.' நடுவில் பின் அடித்த இதழ் ஒவ்வொன்றும் ஒரு செக்‌ஷன். பின்னை எடுத்துவிட்டு, அதே மடிப்பு வழியாக நாடாவின் மேல் தைக்கலாம். ஒரு தொகுதிக்கு ஆறு முதல் எட்டு இதழ் போதும்; பன்னிரண்டு சேர்த்தால் நடு இதழ்கள் விரியாது. வெளியே காலிகோ துணி போடட்டும். ஆனால் எங்களைக் கேட்டால், நாற்பது இதழுக்கு அமிலமற்ற அட்டையில் மூடி வைத்த பெட்டி நான்கு செய்யச் சொல்லுங்கள். செலவு ஏறத்தாழ அதேதான், தவறு நடந்தால் திருப்ப முடியும்.

கேள்வி: கிழிந்த பக்கத்தை செல்லோ டேப் போட்டு ஒட்டலாமா? லேமினேஷன்?
– பள்ளி மாணவன், வில்லிவாக்கம்

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். டேப் சில வருடத்தில் உதிரும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கி மஞ்சளாக நிற்கும். லேமினேஷனைக் கழற்றவே முடியாது. மெல்லிய ஜப்பான் டிஷ்யூ தாளை, வெட்டாமல் கையால் கிழித்து அரை அங்குலப் பட்டையாக எடுத்துக்கொள். கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, மிதமான தீயில் கிளறிக் கண்ணாடி போல ஆனதும் ஆறவிடு. கிழிசலின் பின்பக்கம் மிகக் கொஞ்சமாகத் தடவி ஒட்டி, பட்டர் பேப்பர் இரண்டுக்கு நடுவே கனமான புத்தகத்தின் கீழ் ஒரு ராத்திரி வை. பசை நீர்த்துப்போனால் சாணித்தாள் சுருங்கி, ஈர விளிம்பு பழுப்புக் கோடாக நிற்கும். அதனால் முதலில் உதவாத பழைய தாளில் பழகு. மாவுப் பசை பூச்சியை இழுக்கும், கொஞ்சமாகப் போடு என்பது அதனால்தான்.

கேள்வி: 2023 மிக்ஜாம் புயலில் அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க நனைந்தது. வெயிலில் காயவைத்தோம். கதைகள் நெளிந்து, அட்டைகள் ஒன்றோடொன்று கல்லாக ஒட்டிவிட்டன. அடுத்த முறை என்ன செய்வது?
– வாசகர், வேளச்சேரி

பதில்: ஒட்டியவற்றை இனிப் பிரிப்பது கடினம், கத்தி வைத்தால் படம் உரிந்து வரும். பளபளப்பான அட்டையின் மேல் பூசிய களிமண் கலவை ஈரத்தில் பசையாகிறது, காய்ந்தால் இறுகுகிறது. உள்பக்கச் சாணித்தாள் அப்படி ஒட்டாது. ஆகவே அடுத்த முறை காப்பாற்றவேண்டியது முதலில் அட்டையை.

நேரம்தான் எல்லாம். ஈரமான தாளில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் கிளம்பும். முதல் நாளிலேயே கணக்குப் போடுங்கள்: இன்றைக்கு உட்கார்ந்து கவனிக்க முடிந்தவை எத்தனை? ஒரு ஆளுக்கு இருபது முப்பது இதழ் தாங்கும். மீதியை ஒவ்வொன்றுக்கும் இடையே பட்டர் பேப்பர் வைத்து, நிற்கவைத்த வாக்கில் கவரில் போட்டு ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். உறைந்த நிலையில் அவை மாதக்கணக்கில் காத்திருக்கும். மின்சாரம் இல்லையென்றால் தண்ணீர் ஏறாத பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டு ஃப்ரீசர். வெட்கப்படாமல் கேளுங்கள்.

கையில் எடுத்தவற்றைத் திறக்காமல், மூடியபடியே நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசிச் சேற்றைப் போக்குங்கள். சாக்கடை கலந்த வெள்ளம் என்றால் கையுறை கட்டாயம். திரும்பக் கிடைக்கக்கூடிய இதழை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். பிளாஸ்டிக் வலையில் சாய்த்து நீர் வடியவிடுங்கள். பிறகு முதலில் மேலட்டையை மெதுவாக உயர்த்தி, அட்டையின் இரு பக்கமும் பட்டர் பேப்பர். உள்ளே ஐந்தாறு தாளுக்கு ஒரு அச்சிடாத வெள்ளை நியூஸ்பிரிண்ட். செய்தித்தாள் வைத்தால் அதன் மை இறங்கும். முதல் நாள் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை தாளை மாற்றவேண்டும். மின்விசிறி ஓடட்டும், காற்று நேராக இதழின் மேல் படக்கூடாது. வெயில், இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் மூன்றும் தாளைச் சீரில்லாமல் சுருக்கும். நீங்கள் கண்ட நெளிவு அப்படி வந்ததுதான்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். முழுக்க உலர்ந்த பிறகு இரண்டு பலகைக்கு நடுவே இரண்டு மூன்று கிலோ எடை வைத்து ஒரு வாரம் அழுத்துங்கள். ஏற்கெனவே நெளிந்தவையும் இப்படி அழுத்தினால் ஓரளவு படியும். பூஞ்சணம் பிடித்தவற்றை ஈரத்துணியால் துடைக்காதீர்கள்; காய்ந்த பிறகு, மொட்டை மாடியில், என்95 முகக்கவசம் போட்டு, மெல்லிய தூரிகையால் வெளிப்புறமாகத் தட்டுங்கள்.

கேள்வி: என்னிடம் 1953ஆம் வருட மிக்கி, டொனால்ட் இதழ்கள் பன்னிரண்டு இருக்கின்றன. எழுபது வருடப் பழசு. லட்சக்கணக்கில் போகுமா?
– பலர்

பதில்: போகாது. 1950களின் தொடக்கத்தில் 'காமிக்ஸ் அண்ட் ஸ்டோரீஸ்' மாதம் முப்பது லட்சம் பிரதிகள் வரை அச்சானது. வயது விலை ஆகாது. நிலை, எண், தேவை மூன்றும் சேர்ந்தால்தான். சேகரிப்பாளர்கள் 10க்கு மதிப்பெண் போடுகிறார்கள்: 9.4 கிட்டத்தட்டப் புதிது, 8 மிக நன்று, 6 நன்று, 4 சுமார், 2 படிக்கலாம். நம் ஊர் நடைபாதையில் கிடைப்பவை பெரும்பாலும் 2ஐச் சுற்றித்தான். பெயர் எழுதியது, குறுக்கெழுத்து நிரப்பியது, கூப்பன் வெட்டியது எல்லாம் மதிப்பெண்ணைக் குறைக்கும். அதே இதழ் 9.4இல் இருந்தால் விலை பல மடங்கு.

பழசு இல்லாமலே அரிதானதும் உண்டு. 1980இல் அதே வெஸ்டர்ன் நிறுவனம் விட்மன் பெயரில், மூன்று நான்கு இதழாகப் பையில் கட்டி மட்டும் விற்ற சில டிஸ்னி இதழ்கள் குறைவாகவே மிஞ்சின. அங்கிள் ஸ்க்ரூஜ் 179 அதில் பேர்பெற்றது. 1953ஐப் பத்திரமாக வைத்துவிட்டு 1980ஐ எடைக்குப் போட்டவர்கள் யோசிக்கலாம்.

கேள்வி: சென்னையில் இன்னும் எங்கே கிடைக்கிறது? வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகம், திருவல்லிக்கேணி பாரதி சாலை, மயிலாப்பூர் லஸ் முனை. ஜனவரியில் புத்தகக் காட்சி நடக்கும்போது வெளியே நடைபாதையில் விரிக்கும் பழைய புத்தகங்களையும் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். வீட்டருகே பழைய பேப்பர் கடைக்காரரிடம் 'படம் போட்ட புத்தகம் வந்தால் எடுத்து வையுங்க அண்ணே' என்று சொல்லி வைப்பது எல்லாவற்றையும்விடப் பலன் தரும்.

வாங்கும் முன் நடுப்பக்கத்தைத் திறந்து பின்னுக்கு இரு பக்கமும் தாள்களை எண்ணுங்கள். அட்டை நீங்கலாக 32 பக்க இதழ் என்றால் இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. எண்ணிக்கை ஒத்துப்போகவில்லையா, ஒரு தாள் பாதியாகக் கிழிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஏழு என்றால் ஒரு முழுத்தாளே, பெரும்பாலும் நடுத்தாள், போயிருக்கிறது. கதை நடுவில் தாவும். பிறகு முகர்ந்து பாருங்கள். மக்கிய வாசம் வந்தால் விலை பேசவே வேண்டாம்.

வாங்காமல் படிக்க மட்டும் என்றால், பழைய தமிழ்ச் சிறுவர் இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தையும் எழும்பூர் கன்னிமாராவையும் இதழ் பெயர், ஆண்டு சொல்லி முன்கூட்டியே விசாரியுங்கள். பென்சில் மட்டும் கொண்டுபோங்கள்.

கேள்வி: பழைய இதழ்களை ஸ்கேன் செய்கிறேன். படத்தில் அலை அலையாகக் கோடு விழுகிறது, பின்பக்க எழுத்தும் தெரிகிறது. அப்படியே தமிழில் வசனம் மாற்றி நண்பர்களுக்குப் பரப்பவும் ஆசை.
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: அந்தக் கால வண்ணம் புள்ளி புள்ளியாக அச்சிட்டது. புள்ளி வரிசையும் ஸ்கேனரின் வரிசையும் மோதுவதால் அலை. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, பிறகு பாதியாகச் சுருக்குங்கள். நேரடியாக 200இல் எடுத்தால் அலை போகாது. பின்பக்கம் தெரியாமலிருக்க, தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை ஒன்றை வையுங்கள். வெள்ளை வைப்பதுதான் தவறு. முதுகைக் கண்ணாடியில் அழுத்தாதீர்கள். பொடியும் நிலையில் உள்ள இதழை 100 டிகிரி மட்டும் திறந்து, மேலிருந்து கேமராவில் எடுங்கள், இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு. கோப்புகளுக்கு 001, 002 என்று பெயர் வைத்து ஜிப் செய்து, பெயரின் முடிவை சிபிஇசட் (.cbz) என்று மாற்றினால் காமிக்ஸ் செயலிகளில் வரிசையாகத் திறக்கும்.

உங்கள் பிரதியை நீங்கள் வைத்துக்கொள்வது வேறு, பரப்புவது வேறு. மொழிபெயர்க்கும் உரிமையும் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் உரிமையாளருக்கே உரியது. அனுமதி இல்லாமல் வேண்டாம்.

கேள்வி: பத்து வயது மகளுக்குப் பார்க்ஸ் கதைகள் வாங்கித் தரவேண்டும். பழைய இதழைக் கையில் கொடுக்கப் பயமாக இருக்கிறது.
– தாய், அண்ணா நகர்

பதில்: கொடுக்க வேண்டாம். ஃபேன்டாகிராஃபிக்ஸ் 2011 முதல் பார்க்ஸ் கதைகளைக் கெட்டி அட்டையில், வண்ணத்தில் தொகுதிகளாக வெளியிட்டு வருகிறது. வரிசையாக வாங்கவேண்டியதில்லை; அவர்களே ஏழாம் தொகுதியைத்தான் முதலில் வெளியிட்டார்கள். சதுர முட்டையைத் தேடி ஆண்டீஸ் போகும் கதை அதில் இருக்கிறது, அதிலேயே தொடங்குங்கள். ஸ்க்ரூஜின் இளமைக் கதை பிடித்துப்போனால் டான் ரோசா 1990களில் வரைந்த பன்னிரண்டு அத்தியாயங்கள் அடுத்து. எழுத்து பொடி, படத்தில் விவரம் அதிகம், பன்னிரண்டு வயதுக்கு மேல் நல்லது. தமிழ்ச் சூழலுக்குப் பக்கமாக வேண்டுமென்றால் அமர் சித்திரக் கதையின் ஜாதகக் கதைகளும், 1980இல் தொடங்கிய டிங்கிள் சிறுவர் இதழில் சமத்கா நரியையும் டூப்டூப் முதலையையும் ஏய்க்கும் காக்கை காளியாவும். ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே படித்தாலும் யாருக்கும் மனம் பதறாது.